அந்த ஆட்டத்தில் எல்லோரும் மரியாதையாகப் பேசினார்கள்

கண்ணு,

இந்நேரத்துக்கு எழுதுகிறேனே என்று கோபித்துக்கொள்ளாதே. ஷிப்மென்ட் வாரம். பனியன் கம்பெனியிலிருந்து வருவதற்கே நேரமாகிவிட்டது. அப்பாவுக்குச் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, படுத்துப் பார்த்து, தூக்கம் பிடிக்காமல் எழுந்து உட்கார்ந்திருக்கிறேன். தெருவில் ஒரே ஒரு நிட்டிங் மிஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. பகலில் எழுதியிருந்தால் இன்னும் கொஞ்சம் கோவையாக எழுதியிருப்பேன். ஆனால் பகலில் இதை எழுத எனக்குத் தைரியம் வராது.

இங்கே எழுதுவது உனக்குப் பிடிக்காது என்று தெரியும். பழைய வீடியோ கேம்களைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் கூடும் இந்த இணையதளம் உன்னுடைய இடம். இங்கே உனக்கு வேறு பெயர். அந்தப் பெயரை நான் சொல்லப்போவதில்லை, என் பெயரையும் சொல்லப்போவதில்லை. எனக்கு வேறு வழி தெரியவில்லை. மூன்று வாரமாக நீ என் போனை எடுப்பதில்லை. வாட்ஸ்அப்பில் மட்டும் 'நல்லாருக்கறனுங்கம்மா' என்று ஒரு வரி வருகிறது. ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை நம் வீட்டுப் பழைய ஆட்டத்தைப் பற்றி நீ இங்கே எழுதிய கட்டுரைக்குக் கீழே, யாரோ ஒருவர் தன் மெமரி கார்டு வேலை செய்யவில்லை என்று கேட்டதற்கு அத்தனை பொறுமையாகப் பதில் சொல்லியிருக்கிறாய். ஆட்டத்தைப் பற்றிக் கேட்டால் பேசுவாய் போலிருக்கிறது. சரி, நானும் அதைப் பற்றியே பேசுகிறேன். இந்த ஆட்டத்தில் எது நல்லது, எது கெட்டது என்று உன்னோடு முதன்முதலில் சண்டை போட்டவள் நான்தான். இதைப் படிக்கிற மற்றவர்கள் ஒரு தாய் நடுவே புகுந்து பேசுவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நம் வீட்டுக்கு அந்தக் கேம் பெட்டி வந்தது, வெளிநாட்டுக்காரர்களுக்குத் துணி வாங்கிக் கொடுக்கும் ஒரு பையிங் ஆபீஸைக் காலி செய்தபோது. மேஜை, நாற்காலி, சாம்பிள் தொங்கவிடும் ஸ்டாண்டு எல்லாவற்றையும் எடுத்தவர்கள் இதை மட்டும் விட்டுவிட்டுப் போனார்கள். அப்பா தூக்கிக்கொண்டு வந்தார். உள்ளே ஒரே ஒரு டிஸ்க். ஓடக்காரன் மகன் ஒருவன், வற்றிப்போன ஆற்றின் ஊற்றுக்கண்ணைத் தேடி மேற்கே போகும் கதை. கூடவே ஒரு மருத்துவச்சி, ஒரு வாள்காரன், ஒரு வயதான பாலத்துக் காவலர். சண்டை வந்தால் நாம் ஒரு அடி, அவர்கள் ஒரு அடி என்று முறை வைத்து அடிக்க வேண்டும். வசனமெல்லாம் ஆங்கிலத்தில் எழுத்தாக வரும். உனக்கு அப்போதுதான் ஒன்றாம் வகுப்பு. நான் பி.ஏ. ஆங்கிலம் படித்தவள். கடைசி வருடப் பரீட்சையை உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு எழுதியவள். அந்தப் படிப்பு முதன்முதலாக உபயோகப்பட்டது அந்த டிவிக்கு முன்னால்தான். அப்பா மண்ணரை யூனிட்டில் நைட் ஷிப்ட் பார்க்க, நீ பட்டனை அழுத்துவாய், நான் எழுத்தைப் படித்து நம் பேச்சில் சொல்வேன். தனியாக இருக்கப் பயந்துகொண்டிருந்தது நீ அல்ல, நான். உனக்கு இது தெரியாது.

இப்போது உன் கட்டுரைக்கு வருகிறேன். முதல் குறையாக, நடந்துகொண்டிருக்கும்போதே எங்கிருந்தோ எதிரி வந்து விழுகிறான், சொல்லாமல் கொள்ளாமல் சண்டை தொடங்கிவிடுகிறது, பத்தடி நிம்மதியாக நடக்க முடிவதில்லை என்று எழுதியிருக்கிறாய். நான் அதைப் பலம் என்பேன். வெட்டிய துணியில் ஓட்டை, சாயப்பட்டறையில் நிறம் மாறிப்போச்சு, வெளிநாட்டு பையரிடமிருந்து மெயில் என்று என் வேலையில் எது சொல்லிவிட்டு வருகிறது? இதைச் சொன்னால் நீ சிரிப்பாய். "அம்மா, நீங்க எதைக் குடுத்தாலும் கொண்டுபோயி கம்பெனியிலதானுங்க சேத்துவீங்க" என்பாய். சிரிக்கவாவது செய். இரண்டாவது, பை சின்னது, நல்ல மருந்தையெல்லாம் கடைசிச் சண்டைக்கு என்று சேர்த்துவைத்துக் கடைசியில் உபயோகிக்காமலே ஆட்டம் முடிந்துவிடுகிறது என்கிறாய். அது ஆட்டத்தின் குறையா, நம்முடைய குறையா? சீராக வந்த பட்டுப்புடவையை பீரோவில் வைத்துப் பூச்சிக்குக் கொடுத்த வீட்டில் பிறந்துவிட்டு ஆட்டத்தைக் குறை சொல்லாதே. இசையைப் புகழ்ந்து ஒரு பத்தி எழுதியிருக்கிறாயே, அதில் எனக்குச் சண்டையே இல்லை. அந்தப் படகு கிளம்பும் இசையை நான் இன்றைக்கும் சாம்பிள் செக் பண்ணும்போது முணுமுணுப்பேன். பக்கத்து மேஜைப் பெண், "அக்கா, எந்தப் படத்துப் பாட்டுங்க?" என்று கேட்பாள்.

மூன்றாவதாக நீ எழுதியதுதான் வலித்தது. இந்த ஆட்டத்தின் வசனம் அரைகுறை, யார் நல்லவன் யார் கெட்டவன் என்று பேச்சை வைத்துத் தெரிந்துகொள்ள முடியவில்லை, சின்ன வயதில் கதையில் வரும் ராஜாவின் அமைச்சரிடம் ஏமாந்தேன் என்று எழுதியிருக்கிறாய். பழியை ஆட்டத்தின் மேல் போட்டுவிட்டு, வசனத்தை மாற்றிப் படித்த என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. கட்டுரையைப் படிக்கிறவர்களுக்கு உண்மை தெரியட்டும். ஆங்கிலத்தில் அந்த அமைச்சர் முதல் வார்த்தையிலேயே மிரட்டுகிறான். ஆற்றைக் கடக்க உரிமை தரும் ஓட முத்திரையைக் கொடு, இல்லாவிட்டால் தோலை உரிப்பேன் என்கிறான். என் வாயில் அது வரவில்லை. ஆறு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, விளக்கு வைத்த வீட்டில், அதை எப்படிப் படிப்பது? "ஏனுங் தம்பி, அந்த முத்திரையைக் கொஞ்சம் குடுத்தீங்கன்னா பாத்துட்டுத் தந்தர்றனுங்க" என்று படித்தேன். ராஜாவும் அப்படித்தான் பேசினார், பூதமும் அப்படித்தான் பேசியது. "உங்களை அடிச்சுப்போடுவனுங்க" என்று ஒரு பூதம் சொன்னதை அப்பா கேட்டுவிட்டு, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து புரையேறச் சிரித்தார். "எமனே வாசல்ல வந்து நின்னாலும் உங்கம்மா, 'வாங், உக்காருங், காப்பித்தண்ணி வெக்கட்டுங்களா'ம்பா, பாத்துக்க" என்றார்.

நீ முத்திரையைக் கொடுத்துவிட்டாய். "நல்ல மாமாங்கம்மா, பாத்துட்டுத் தந்தர்றேன்னு சொன்னாருல்லீங்க" என்றாய். அவன் அதை வாங்கிக்கொண்டு, ஆள்களை விட்டுப் பாலத்தை வெட்டினான், பாலத்துக் காவலர் செத்துப்போனார். திரையில் அவர் விழுந்து கிடக்கிறார், எழுத்து ஓடுகிறது, நீ என் முகத்தைப் பார்க்கிறாய். நான் என்ன படித்தேன் என்று ஞாபகம் இருக்கிறதா? "அவருக்குக் கொஞ்சம் முடியலீங்களாமா. கோயமுத்தூருக்குப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போயிருக்கறாங்களாமா" என்று படித்தேன். அதன் பிறகு ஒவ்வொரு ஊர் வந்ததும் நீ கேட்டாய்: "பாலத்துக்காரருக்குச் சொகமாயிருச்சுங்களாம்மா?" நானும் ஒவ்வொரு ஊரிலும், "பரவால்லீங்களாமா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

நம் பக்கத்துப் பழக்கம் அது. கெட்ட சேதியை யாரும் யாருக்கும் நேராகச் சொல்வதில்லை. என் அப்பா, உன் அப்புச்சி, இறந்த அன்றைக்குத் தாராபுரத்திலிருந்து என் தம்பி போன் பண்ணி என்ன சொன்னான்? "அக்கா, அப்பனுக்குக் கொஞ்சம் முடியலீங்க. பதட்டப்படாம கெளம்பி வாங்க" என்றான். நானும் பதட்டப்படாமல், மாற்றுத் துணி எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் தேவைப்படும் என்று பிளாஸ்க்கில் வெந்நீர் ஊற்றிக்கொண்டு பஸ் ஏறினேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாய். நாலாம் வகுப்பு. பாதி வழியில் என் பக்கம் திரும்பி, "அம்மா, அப்புச்சியும் பாலத்துக்காரர் மாதிரிங்களா?" என்றாய். நான் அந்தப் பஸ்ஸில்தான் அழுதேன், சாவு வீட்டில் அழவில்லை. எத்தனை நாளாக உனக்குத் தெரியும் என்று கேட்டதற்கு, "மொதல்லயே தெரியுங்க. நீங்க அழுவீங்கன்னுதான் கேட்டுக்கிட்டே இருந்தனுங்க" என்றாய். அது என்ன பதில் என்று இந்த வயதில்தான் எனக்கு விளங்குகிறது. என்னைக் காப்பாற்ற நீ விசாரித்துக்கொண்டே வந்திருக்கிறாய். உன்னைக் காப்பாற்ற நான் சொல்லிக்கொண்டே வந்திருக்கிறேன். நடுவில் ஒரு மனிதர் செத்துக் கிடந்தார்.

பிளஸ் டூ லீவில் நீ மறுபடி அந்த ஆட்டத்தை எடுத்து, ஆங்கிலத்தில் நீயே படித்துவிட்டு, என்னிடம் சண்டைக்கு வந்தாய். "அம்மா, இவனெல்லாம் ஒரு மனுசனுங்களா? எப்படிங்க இவனை மாமான்னு சொல்ல வெச்சீங்க? இந்த ஆட்டத்தோட பலமே இவன் பேச்சுதானுங்க." நான் விடவில்லை. பயமுறுத்துகிறவனிடம் எவனும் உஷாராக இருப்பான், இனிக்க இனிக்கப் பேசுகிறவனிடம் ஏமாந்த வலிதான் பெரியது, என் கதைதான் ஒரிஜினலைவிட நல்ல கதை என்றேன். "அப்ப நீங்களே ஒரு கேம் பண்ணுங்க, எல்லாரும் கும்புட்டுக் கும்புட்டு வெட்டிக்கட்டும்" என்றாய். அன்றைக்கு நாம் இருவரும் சிரித்த மாதிரி பிறகு சிரித்ததாக எனக்கு நினைவில்லை. அன்றைக்கு நான் ஜெயித்துவிட்டதாகத்தான் நினைத்தேன். இல்லை, கண்ணு. நீ சொன்னதுதான் சரி. ஒரு மனிதன் தன் மனதில் இருப்பதை அப்படியே சொல்லிவிடுவது அந்த ஆட்டத்தின் பலம். நான் அதை அழித்துவிட்டு, நம் ஊர் மரியாதையை மேலே பூசிவிட்டேன்.

அப்புறம் மருத்துவச்சி. இந்த ஆட்டத்தின் பெரிய ஓட்டை அவள்தான் என்கிறாய். கேட்காமலே காயத்தை ஆற்றிவிடுகிறாள், அதனால் விளையாடுகிறவன் அடிபடாமல் இருக்கக் கற்றுக்கொள்வதில்லை, அவளைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் போனால்தான் ஆட்டமே தொடங்குகிறது என்று எழுதியிருக்கிறாய். என்னைத்தான் சொல்கிறாயா என்று முதலில் ரோஷம் வந்தது. வேலைக்காகப் பெங்களூரு கிளம்பிய அன்றைக்கு உன் பையில் நான் வைத்த மாத்திரை டப்பாவைப் பார்த்து நீ பெருமூச்சு விட்டது ஞாபகம் வந்தது. பிறகு யோசித்தேன். அவளுடைய பலவீனம் நீ சொல்வது இல்லை. சண்டையில் அடிபட்டால்தான் அவளுக்குத் தெரியும். விஷம் ஏறினவன் நடக்க நடக்க உயிர் குறைந்துகொண்டே போகும், அது அவள் கண்ணில் படாது. திரையில் லேசாக ஒரு மின்னல் மட்டும் வரும். மெனுவைத் திறந்து எண்ணைப் பார்த்தால்தான் எவ்வளவு மிச்சம் என்று தெரியும். இதை நீயும் ஒரு குறையாக எழுதியிருக்கிறாய். நீ சொன்ன குறைகளில் நாம் இரண்டு பேரும் ஒத்துப்போகிற ஒரே இடம் அது. பக்கத்திலேயே நடந்து வருகிறாள், மருந்தும் கையில் இருக்கிறது, ஆனாலும் ஒருவன் அவள் பின்னாலேயே நடந்து நடந்து விழுந்துவிடுகிறான். அப்படி ஒரு ஆட்டத்தை எவன் கண்டுபிடித்தானோ.

இப்போது நான் எழுத வந்த இடத்துக்கு வருகிறேன். உன் கட்டுரையின் கடைசிப் பத்தி. ஊற்றுக்கண்ணுக்கு முந்தின ஊர் வரைக்கும் போனேன், பையில் இருந்ததையெல்லாம் கூட வந்தவர்களுக்குப் பிரித்துக் கொடுத்தேன், நாயகனைச் சத்திரத்தில் படுக்க வைத்துவிட்டு ஆட்டத்தை அணைத்துவிட்டேன், அவன் இல்லாமலே அந்த ஊர் நன்றாகத்தான் இருக்கும், எனக்குப் பிடித்த முடிவு இதுதான் என்று எழுதியிருக்கிறாய். கீழே எல்லோரும் 'அருமையான பார்வை', 'வேற லெவல்' என்று போட்டிருக்கிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, அவர்களுக்கு உன்னைத் தெரியாது. நான் அந்தப் பத்தியைப் படித்துவிட்டுச் சமையல்கட்டில் போய் நின்றேன். எதற்குப் போனேன் என்று தெரியவில்லை.

ஏனென்றால், அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் பஸ் பார்சலில் அந்தக் கேம் பெட்டி வந்தது. நீ பெங்களூருக்குத் துணியைக்கூடக் குறைத்துக்கொண்டு எடுத்துப்போன பெட்டி. 'சித்தி ஊட்டுப் பாப்பாவுக்குக் குடுத்துருங்கம்மா, எனக்கு இனி வேண்டீதில்லீங்க' என்று மெசேஜ். அப்பா, "பையனுக்கு இப்பத்தான் பொறுப்பு வந்திருக்குது" என்று சந்தோஷப்பட்டார். நான் உன் ரூமில் கூட இருக்கும் வெள்ளகோவில் தம்பிக்குப் போன் பண்ணினேன்.

"தம்பி, அவன் எப்படிப்பா இருக்கறான்?"

"நல்லாருக்கறானுங்கம்மா. ஒண்ணுமில்லீங்க."

"வேலைக்குப் போறானா?"

"கொஞ்சம் டயர்டுன்னு ரூம்லதான் இருக்கறானுங்க."

"எத்தனை நாளா?"

"நீங்க ஒண்ணும் பதட்டப்படாதீங்கம்மா."

பதட்டப்படாதீர்கள் என்று நம் ஊர்க்காரன் சொன்னால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா? தாராபுரத்து பஸ்ஸில் உட்கார்ந்திருந்த மாதிரியே இருந்தது. அவனும் நல்ல வளர்ப்பு. பெரியவர்களிடம் கெட்ட சேதி சொல்லக்கூடாது என்று சொல்லிக்கொடுத்து வளர்த்திருக்கிறார்கள், என்னைப் போலவே.

ஆகவே அந்த வழக்கத்தை இன்றைக்கு நான் விடுகிறேன். நான்கு பேர் படிக்கிற இடத்தில், மரியாதை இல்லாமல், உன்னை நேராகக் கேட்கிறேன். செத்துப்போய்விடலாம் என்று உனக்குத் தோன்றுகிறதா? இந்த வார்த்தையை எழுதி, அழித்து, மறுபடி எழுதினேன். இதைக் கேட்டாலே கெட்டது நடந்துவிடும் என்றுதான் என்னையும் வளர்த்தார்கள். கேட்காமல் இருந்தால் என்ன நடக்கும் என்று நினைக்கும்போது அதைவிடப் பயமாக இருக்கிறது. இல்லை, நான் ஆட்டத்தைப் பற்றித்தான் எழுதினேன், நீங்கள் வழக்கம்போல் எல்லாவற்றையும் வேறொன்றோடு சேர்த்துவிட்டீர்கள் என்றால் திட்டு. இவ்வளவு பேர் முன்னால் மானத்தை வாங்கிவிட்டீர்கள் என்று கத்து. வாங்கிக்கொள்கிறேன். ஆமாம் என்றால், ஆமாம் என்று சொல். நான் அழுவேன் என்று பார்க்காதே. அழுதால் அழுதுவிட்டுப் போகிறேன். அழுகை நின்ற பிறகும் நான் அங்கேயேதான் இருப்பேன்.

வேலை போயிருந்தால் போகட்டும். அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன். சொந்தக்காரர்கள் கேட்டால் அதற்கும் நான் இருக்கிறேன். டாக்டரிடம் போக வேண்டுமென்றால் கூடவே வருகிறேன், வெளியே உட்கார் என்றால் வெளியே உட்காருகிறேன். அந்தப் பாப்பாவுக்குக் கேம் பெட்டியைக் கொடுக்கவில்லை. கேட்டால், 'அண்ணன் வந்து தரட்டும்' என்றுதான் சொல்லுவேன். உன் முடிவைப் பற்றியும் ஒன்று சொல்லிவிடுகிறேன், கட்டுரைக்கு மறுப்பாகவே எடுத்துக்கொள். அவன் இல்லாமலும் ஊர் நன்றாக இருக்கும் என்பதை நீ பார்க்கவில்லை. நீதான் அணைத்துவிட்டாயே. சத்திரத்துக்கு வெளியே நின்றுகொண்டிருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று உனக்கு எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். நான் மூன்று வாரமாக வெளியேதான் நிற்கிறேன்.

காலை ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். ஷிப்மென்ட் இருக்கட்டும், மேனேஜரிடம் வரமாட்டேன் என்று சொல்லியாகிவிட்டது. "என்னாச்சுங்க?" என்று கேட்டார். "ஒண்ணுமில்லீங்க" என்று வாய் வரைக்கும் வந்தது. "என்ற பையனுக்கு முடியலீங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க" என்றேன். அவர் உடனே போகச் சொல்லிவிட்டார். நீ பதில் போட்டாலும் வருவேன், போடாவிட்டாலும் வருவேன். அதுவரைக்கும் அறையில் தனியாக இருக்காதே. வெள்ளகோவில் தம்பியை எழுப்பிப் பக்கத்தில் உட்காரச் சொல். தூக்கம் கெட்டால் என்ன, அவன் அம்மாவிடம் நான் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

நல்லாருக்கறனுங்கம்மா என்று மட்டும் அனுப்பாதே. வேறு எந்த வார்த்தையாக இருந்தாலும் சரி. போனைக் கையிலேயே வைத்திருக்கிறேன். உடனே பதில் போடு.

அம்மா